கணினி கேள்வி – பதில்: பதிப்பு புதிது, வைஃபை காணோம்!

லினக்ஸ் இயங்குதளத்தின் (உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் அதன் வகைகள்) புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் வைஃபை இல்லை, ஒலி இல்லை, திரை வெளிச்சம் மாறவில்லை என்று வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் அளிக்கிறோம். கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்து அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில், அதாவது கட்டளை எழுதும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 இருந்தது. சனிக்கிழமை இரவு 24.04 பதிப்புக்கு மேம்படுத்தினேன். காலையில் வைஃபைக் குறியே இல்லை. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரல்) அமைப்புகளை ரீசெட் செய்து பார்த்துவிட்டு, வைஃபை கார்டு எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். நண்பர் ஒருவர் சொன்னபடி டிரைவரை மீண்டும் நிறுவினேன். ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். மறுபடி இயக்கியபோது ஒரு நீலத் திரை வந்து, சில வினாடிகளில் தானாகவே மறைந்தது. வைஃபை வரவில்லை. கார்டை மாற்றிவிடலாமா?
– பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பதில்: மாற்ற வேண்டாம். நேற்று வரை வேலை செய்த கார்டு, மேம்படுத்திய அதே இரவில் எரிந்துபோவது மிக அபூர்வம். உறுதி செய்துகொள்ள விரும்பினால் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டச்சு செய்து பாருங்கள். மதர்போர்டுடன் பேசிக்கொண்டிருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்னும் வரி இருந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. அதனுடன் பேசத் தெரிந்த டிரைவர்தான் இல்லை. அந்த வரியே இல்லாமற்போனால் மட்டும் கார்டு தளர்ந்திருக்கிறதா, பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

அந்த வரியில் பிராட்காம் என்ற பெயர் இருக்கும் என்று ஊகிக்கிறோம். பெரும்பாலான வைஃபை சில்லுகளின் டிரைவர்கள், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு உள்ளேயே இருக்கின்றன. கெர்னல் மாறும்போது அவையும் கூடவே மாறிக்கொள்கின்றன. பிராட்காமின் பழைய சில்லுகள் சிலவற்றுக்கு மட்டும் மூலநிரல் முழுமையாக வெளியிடப்படாத தனி டிரைவர் வேண்டும். அது கெர்னலுக்கு வெளியே இருப்பதால், கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கெர்னலுக்கு ஏற்றபடி உங்கள் கணினியிலேயே மறுபடி கட்டப்பட வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கு டிகேஎம்எஸ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 22.04 வெளியானபோது அதில் 5.15 கெர்னல் இருந்தது, 24.04 வந்தது 6.8 கெர்னலுடன். அவ்வளவு பெரிய தாவலின் நடுவே, டிரைவரைக் கட்டத் தேவையான, புதிய கெர்னலுக்கான ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டாலோ, கட்டும்போது பிழை நேர்ந்தாலோ, எவர் கண்ணிலும் படாமல் ஓடி மறையும் எழுத்துகளுக்கு நடுவே ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டு மேம்படுத்தல் தன்பாட்டுக்குப் போய்விடும். உங்கள் முதல் பிரச்சினை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் டிரைவரை மீண்டும் நிறுவியபோது இது சரியாகியிருக்கும். ஆனால் அதற்குள் இரண்டாவது பிரச்சினை வந்துவிட்டது. பயாஸை ரீசெட் செய்தபோது, அணைந்திருந்த செக்யூர் பூட் மீண்டும் உயிர்பெற்றிருக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான கையொப்பம் இல்லாத எந்த டிரைவரையும் கெர்னல் உள்ளே விடாது. உங்கள் கணினியிலேயே கட்டப்பட்ட டிரைவருக்கு உங்கள் கணினியே கையொப்பம் இடுகிறது. அந்தக் கையொப்பத்தை நம்பலாம் என்று கணினியின் முன் அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்கத்தான் நீலத் திரை வந்தது. ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்டுவிட்டு, பத்து வினாடி எண்ணிப் பார்த்து, யாரும் அழுத்தாததால் அது போய்விட்டது. அந்தத் திரையைக் கண்டு ஏதோ வைரஸ் என்று பதறிக் கணினியை அணைத்தவர்களும் உண்டு. நீங்கள் சும்மா இருந்தீர்கள், அவ்வளவுதான்.

அதை மீண்டும் வரவழைக்க 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு குறுங்கோடுகளுடன் 'என்ரோல்-கீ' என்று சேர்த்து என்டர் அழுத்துங்கள். புதிதாக ஒரு கடவுச்சொல் கேட்கும். குறைந்தது எட்டு இலக்கங்கள், எண்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீலத் திரையில் உங்கள் வழக்கமான விசைப்பலகை அமைப்பு இருக்காது என்பதால் எண்களே பாதுகாப்பு. கணினியை மறுபடி இயக்கி, நீலத் திரை வந்ததும் உடனே ஒரு விசையை அழுத்துங்கள். 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கன்டினியூ', 'யெஸ்' என்று சென்று, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். தட்டச்சு செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். இறுதியில் 'ரீபூட்'. பயாஸில் செக்யூர் பூட்டை மீண்டும் அணைத்துவிடுவது சுருக்கு வழி; அதுவும் வேலை செய்யும். ஒருமுறை இரண்டு நிமிடம் செலவிட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

இதற்கெல்லாம் இணையம் வேண்டுமே, வைஃபையே இல்லையே என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால் போதும். உபுண்டு அதைக் கம்பிவழி இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும். கேபிள் மட்டும் தரவுக் கம்பிகள் உள்ளதாக இருக்கட்டும். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே ஆன கேபிளை வைத்துக்கொண்டு அரை நாள் போராடிய அனுபவம் எங்களுக்கே உண்டு. இணைப்பு கிடைத்ததும், தேவைப்பட்டால் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' சாளரத்தின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் பிராட்காம் டிரைவரை மறுபடி தேர்ந்தெடுக்கலாம். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை, இப்போது இயங்கும் கெர்னலின் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று காட்டினால் கட்டும் வேலை முடிந்தது என்று பொருள்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் 21-லிருந்து 22-க்கு மாறினேன். ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் இருக்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: ஸ்பீக்கர் போனால் 'டம்மி அவுட்புட்' வராது. ஸ்பீக்கரின் கம்பி அறுந்தாலும் ஒலி அட்டையின் பெயர் பட்டியலில் இருக்கும். ஒலி மட்டும்தான் கேட்காது. ஒலிச் சேவைக்கு எந்த அட்டையும் கிடைக்காதபோதுதான் இந்தப் பெயர் தோன்றும்.

மின்ட் 22, உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டு 2024 ஜூலையில் வெளியானது. அதில் ஒலியைப் பொறுத்தவரை இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நிகழ்ந்தன. கெர்னல் மாறியது, அதற்கு மேலே இருந்து ஒலியைப் பங்கிடும் சேவை, பல்ஸ்ஆடியோவிலிருந்து பைப்வயருக்கு மாறியது. எந்த மாடியில் கோளாறு என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய வழி: கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து பாருங்கள். அங்கே ஒலி வந்தால் கெர்னல் மேல் பழி இல்லை. உங்கள் பழைய கணக்கில் தேங்கிக் கிடக்கும் பழைய அமைப்புகள்தான் தடுக்கின்றன. ஹோம் கோப்புறையில் மறைந்துள்ள '.கன்ஃபிக்' என்பதற்குள் இருக்கும் 'பல்ஸ்' கோப்புறையையும், '.லோக்கல்' என்பதற்குள் 'ஸ்டேட்' கோப்புறையில் இருக்கும் 'வயர்பிளம்பர்' கோப்புறையையும் அழிக்காமல் பெயர் மாற்றி வைத்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

புதிய கணக்கிலும் அதே 'டம்மி அவுட்புட்' என்றால் கோளாறு கீழ்மாடியில். உள்ளே டிஜிட்டல் மைக் பொருத்திய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில், ஒலிச் செயலிக்குள் ஒவ்வொரு முறையும் ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இயங்கும் நிரல்) ஒன்று தேவை. அதன் தொகுப்பின் பெயர் 'ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு'. அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவி, கணினியை முழுமையாக அணைத்து இயக்குங்கள். ரீஸ்டார்ட் மட்டும் போதாத நேரங்கள் உண்டு. குறிப்பாக, அதே கணினியில் விண்டோஸும் இருந்து, அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் சாதனங்களை அரைத்தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகும். அந்த வசதியை விண்டோஸில் அணைத்துவிடுவது ஒலிக்கும் நல்லது, வைஃபைக்கும் நல்லது.

அட்டையின் பெயர் வந்த பிறகும் ஒலி கேட்கவில்லை என்றால், டெர்மினலில் 'ஆல்சாமிக்ஸர்' திறந்து, எஃப்6 விசையால் உங்கள் அட்டையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நெடுக்குப் பட்டையின் அடியையும் பாருங்கள். இரண்டு 'எம்' எழுத்துகள் இருந்தால் அந்த வழி ஊமையாக்கப்பட்டிருக்கிறது. 'எம்' விசையை ஒருமுறை அழுத்தினால் அவை இரண்டு சுழியங்களாக மாறி வாய் திறக்கும்.

கேள்வி: உபுண்டு 24.04-க்கு மாறிய பின் வெளிச்ச விசையை அழுத்தினால் திரையில் பட்டை ஏறி இறங்குகிறது, வெளிச்சம் மாறவில்லை. இரவில் கண் கூசுகிறது.
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: பட்டை நகர்கிறது என்பதால் விசை நன்றாகவே இருக்கிறது. கட்டளை தவறான வாசலைத் தட்டுகிறது. ஒரே திரையின் வெளிச்சத்தை மாற்ற மடிக்கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கலாம். முன்பு கெர்னல் அவை எல்லாவற்றையும் திறந்து வைக்கும், 6.1 பதிப்பிலிருந்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுகிறது. சில மடிக்கணினிகளில் அதன் தேர்வு பிசகிவிடுகிறது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பழைய கெர்னலில் நுழைந்து பார்ப்பது. கணினி இயங்கத் தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்தினால், எந்தக் கெர்னலை இயக்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் 5.15 என்று தொடங்கும் கெர்னல் இன்னும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் மாறினால் நோய் எது என்பது உறுதி. மேம்படுத்தலின் முடிவில் தேவையற்ற தொகுப்புகளை நீக்கலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருந்தால் பழைய கெர்னல் போயிருக்கக்கூடும். ஒரு வாரம் பார்த்த பிறகே அந்தக் கேள்விக்கு ஆம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பழக்கம்.

அடுத்து, அதே கிரப் பட்டியலில் உபுண்டு வரியின் மேல் நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியில் 'குவையட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களை அடுத்து ஓர் இடைவெளி விட்டு 'ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்' என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். பலன் இல்லையென்றால் அடுத்த முறை 'நேட்டிவ்' இருந்த இடத்தில் 'வென்டர்' என்றும், அதற்கும் அடுத்து 'வீடியோ' என்றும் எழுதிப் பாருங்கள். இங்கே எழுதுவது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் தேவையில்லை. எது பலிக்கிறதோ அதை 'இடிசி' கோப்புறையில் 'டீஃபால்ட்' என்பதற்குள் உள்ள 'கிரப்' கோப்பில் எழுதி, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுத்தால் நிலைத்துவிடும்.

கேள்வி: டெபியன் 11-லிருந்து 12-க்கு மாறியபின் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது.
– மென்பொருள் பயிற்சியாளர், கோயம்புத்தூர்

பதில்: தொகுப்புகளை எங்கிருந்து பெறுவது என்று குறிக்கும் உங்கள் சோர்ஸஸ் லிஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். டெபியன் 11 வரை வைஃபை ஃபர்ம்வேர்கள் 'நான்-ஃப்ரீ' என்னும் பகுதியில் இருந்தன. 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-இல் அவற்றை 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பகுதிக்கு மாற்றினார்கள். பழைய வரியில் புதிய பகுதியின் பெயரைச் சேர்க்காதவர்களுக்குக் கெர்னல் புதிது, ஃபர்ம்வேர் மட்டும் பழையதாகவே நின்றுவிடும். அந்தப் பெயரைச் சேர்த்து, தொகுப்புப் பட்டியலைப் புதுப்பித்து, உங்கள் சில்லுக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை மேம்படுத்துங்கள்.

கேள்வி: என்விடியா 500 வரிசை கிராஃபிக்ஸ் உள்ள பழைய மடிக்கணினி. மேம்படுத்தியதும் கருப்புத் திரை.
– வாசகர், சேலம்

பதில்: அந்தத் தலைமுறைக்கான 390 டிரைவருக்கு என்விடியா நிறுவனம் 2022-ஆம் ஆண்டின் முடிவோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. திரை வெளிச்சம் பற்றிய பதிலில் சொன்ன 'ஈ' முறையில் 'நோமோட்செட்' என்று சேர்த்து உள்ளே நுழைந்து, என்விடியா தொகுப்புகளை நீக்கிவிட்டு, கெர்னலோடு வரும் நூவோ டிரைவரிலேயே பயன்படுத்துங்கள். திரைப்படம் பார்க்கவும் கட்டுரை எழுதவும் அது போதும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால், நான் 22.04-லேயே இருந்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக இருக்கலாம்; 22.04-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை வரும். மாற விரும்பினால், 24.04-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, வெளிச்சம், கேமரா ஆகியவற்றைச் சோதியுங்கள். மூடியைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, கணினி ஒழுங்காக விழிக்கிறதா என்பதையும் பாருங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பிராட்காம், என்விடியா தனி டிரைவர்கள் அதில் இயல்பாக இயங்கா என்பதால் அவை தொடர்பான முடிவை மட்டும் இந்தச் சோதனையை வைத்து எடுக்க வேண்டாம். டைம்ஷிஃப்ட் என்னும் காப்புப் படி எடுக்கும் மென்பொருள் மூலம் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பில் அது ஹோம் கோப்புறையைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால், பேரப் பிள்ளைகளின் படங்களைத் தனியாக ஒரு வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள்.