அனுபவசாலி ஒருவர் அணிக்கு வந்தால் இளம் ரிசீவருக்கு என்ன லாபம்?

அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவர் என்பவர், குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். எதிரணியில் தடுக்க நிற்பவர்கள் 11 பேர்தான். அதில் சிலர் எறிபவரை மடக்கப் பாய்வார்கள். மிச்சமிருப்பவர்கள்தான் எல்லா ரிசீவர்களையும் காவல் காக்க வேண்டும். அதனால் யார் மிக ஆபத்தானவரோ அவருக்கு மட்டும் இரண்டு பேரைப் போடுவார்கள். அணியில் நல்ல ரிசீவர் ஒருவர்தான் என்றால், அவர் நேற்று வந்த பையனாக இருந்தாலும் அந்த இரட்டைக் காவல் அவர் தலையில்தான் விழும்.

கண்டிப்பான அப்பாவின் கண் மூத்தவன் மேலேயே இருந்தால் இளையவன் நைசாக விளையாடக் கிளம்பிவிடுவான் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்: அனுபவசாலி வந்தால் இரட்டைக் காவல் அவர் பக்கம் போய்விடும், இளையவருக்கு வழி கிடைக்கும்.

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் ரிசீவர் டெவான்டா ஸ்மித்தைப் பாருங்கள். 2021இல், தன் முதல் பருவத்தில், 64 பந்துகளைப் பிடித்து 916 கஜம் எடுத்தார், அதாவது அணியை அவ்வளவு தூரம் முன்னே கொண்டுபோனார். 2022இல் டென்னசி டைட்டன்ஸ் அணியிலிருந்து ரிசீவர் ஏ.ஜே. பிரவுன் வந்தார், ஏற்கெனவே மூன்று பருவங்கள் ஆடியவர். அந்த ஆண்டு ஸ்மித்துக்கு 95 பந்துகள், 1,196 கஜம். சரி, எல்லாப் புகழையும் பிரவுனுக்கே கொடுக்க முடியாது. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் அந்த ஆண்டு நன்றாகத் தேறியிருந்தார். மூத்தவரிடம் பயிற்சியில் கற்பதும் உண்டுதான், ஆனால் என் கணக்கில் அது இரண்டாம்பட்சம்.

புதியவர் வந்தால் இளையவரின் பங்கு குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2022இல் பிரவுன் 1,496 கஜம் எடுத்தும் ஸ்மித்தின் பங்கு கூடத்தான் செய்தது.