ஐ.டி. வேலையை விடாமல் பி.எட். முடித்து ஆசிரியராக முடியுமா?

பி.இ. படித்து ஐ.டி.யில் இருக்கிறீர்கள், கணக்கு ஆசிரியராக ஆசை, வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் பி.எட். முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. தொலைநிலைக் கல்வியில் பி.எட். உண்டு, ஆனால் அது ஏற்கெனவே ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரடியாகப் படித்து முடித்தவர்களுக்கானது. வேறு துறையிலிருந்து வருகிற நமக்கு, தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் படிப்புதான் வழி. 2015 முதல் அது இரண்டு வருடம். நானும் சாஃப்ட்வேர் வேலையை விட்டு அப்படித்தான் வந்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் கணக்கு எடுக்கிறேன்.

பி.எட். சேர பி.ஏ., பி.எஸ்சி.க்கு 50 சதவீதம் போதும் என்கிறது என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) விதி. பி.இ. என்றால் 55 சதவீதம் வேண்டும். மதிப்பெண் பட்டியலை எடுத்து முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம், "நீங்க வரவே வேண்டாம் சார், பரீட்சைக்கு வந்தா போதும்" என்று சொல்லும் கல்லூரிகள் உங்களைத் தேடி வரும். வேலையில் இருப்பவருக்கு அது பெரிய சலுகையாகத் தெரியும். தயவுசெய்து போகாதீர்கள். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், அந்தப் பள்ளிப் பயிற்சியைத் தவறவிட்டால் பி.எட்.டில் கற்றுக்கொள்ள பெரிதாக எதுவும் மிஞ்சாது.

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம், முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. என்னை ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பில் பின்னம் நடந்துகொண்டிருந்தது. அரை பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா என்று கேட்டதற்குப் பாதி வகுப்பு மூன்றில் ஒன்று என்றது. "ரெண்டை விட மூணுதானே டீச்சர் பெருசு?" என்றான் ஒரு பையன். எனக்கு வழிகாட்டியாக இருந்த டீச்சர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கிழித்து அந்தப் பையன் கையிலேயே கொடுத்தார். ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்ததும் அவனே "அய்யோ, இது சின்னதா இருக்கு" என்றான். அதற்குப் பிறகுதான் அவர் சாக்பீஸையே எடுத்தார். நமக்குக் கணக்கு தெரியும். ஆனால் தெரியாத பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

சரி, தேர்வுகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்க டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும். ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் தமிழக அரசின் டெட் வருடாவருடம் வராது. 2019-க்கு அடுத்த அறிவிப்பு 2022-ல் வந்தது, அதற்கு அடுத்தது 2025-ல். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் கேந்திரிய வித்யாலயாவிலும் முயற்சி செய்ய நினைத்தால் மத்திய அரசின் சிடெட்டும் எழுதி வையுங்கள். டெட் தேறியதும் அரசு வேலை வந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். 2018-ல் வந்த அரசாணைப்படி அதற்குத் தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. வயதை நினைத்துப் பயப்பட வேண்டாம், பொதுப் பிரிவுக்கே நேரடி நியமன உச்சவரம்பு 53.

தனியார் பள்ளிச் சம்பளம் ஐ.டி. சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டுக் கடன் இருந்தால் அதை முதலில் அடையுங்கள். படிக்கும் இரண்டு வருடத்துக்கும், அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் குடும்பச் செலவுக்கான பணம் கையில் இருந்தால்தான் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பள்ளிப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள், அங்கே எங்கள் வகுப்பை வந்து பார்ப்பது யார் என்று கேளுங்கள். போன வருடம் அங்கே படித்த இரண்டு பேரிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.