கையெழுத்துக்காகக் காத்திருக்கும் கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தமிழ்வழியில் படித்து, 2023இல் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். நெறியாளர் தம் வகுப்பு விடைத்தாள்களை என்னிடம் திருத்தத் தருகிறார். தாமதமானால் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுவதில்லை. மூன்று வாரமாக அது அவர் மேசையிலேயே கிடக்கிறது. நான் எழுதிய கட்டுரையில் அவருடைய நண்பர் பெயரை முதலில் போடச் சொல்கிறார். அவர் மலையாளத்தில் படபடவென்று பேசும்போது எனக்கு நா எழுவதில்லை. அப்பாவோ, “குருவைப் பகைத்துக்கொள்ளாதே அம்மணி, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் ‘குரு’ என்ற சொல்லை இதில் கொண்டுவர வேண்டாம். அவர் சம்பளம் வாங்கும் ஆசிரியர். உங்களுக்கு வழிகாட்டுவது அவருடைய வேலை. அவர் வகுப்பின் விடைத்தாளைத் திருத்துவது உங்கள் வேலை அல்ல. அதில் நாளை மதிப்பெண் தகராறு வந்தால் சிக்கிக்கொள்வதும் நீங்கள்தான்.

நானும் ஆய்வு மாணவியாக இருந்தவள். நெறியாளர் அறை வாசலில் ஒரு மரபெஞ்சு கிடக்கும். காலை பத்து மணியிலிருந்து அதில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், கையிலிருந்த அத்தியாயத்தின் ஓரங்கள் வியர்வையில் சுருண்டுவிட்டன. மாலையில் உள்ளே கூப்பிட்டார். அவர் கேட்டது, தம் வீட்டுக் கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று. அன்று வாய் திறக்காததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

உங்கள் விஷயத்தில் எல்லாமே வாய்ப்பேச்சில் நடக்கிறது. பேச்சில் அவர் கை ஓங்கும், எழுத்தில் அப்படியில்லை. அங்கே நிதானமாக யோசிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “சார், நீங்கள் சொன்னபடி மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்துகிறேன். 4ஆம் தேதி கொடுத்த படிவம் கையெழுத்துக்காக உங்களிடம் உள்ளது.” குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம். கட்டுரையின் ஒவ்வொரு வரைவையும் தேதியோடு இப்படியே அனுப்பிவையுங்கள். எழுதாதவர் பெயரைச் சேர்த்து எந்த இதழுக்கும் நீங்களாக அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது ஆய்வு ஆலோசனைக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன் நீங்கள் முன்னேற்ற அறிக்கை வைக்க வேண்டும். கூட்டுபவர் உங்கள் நெறியாளர்தான் என்றாலும் மற்ற உறுப்பினர்களும் அங்கே இருப்பார்கள். அவர்களில் உங்கள் அத்தியாயத்தை உண்மையில் படித்த ஒருவரைத் தனியே பார்த்துப் பேசுங்கள். நெறியாளரை மாற்றும் நிலை வந்தால் கைகொடுக்கக்கூடியவர் அவர்தான்.

கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்று மிரட்டினால், உங்கள் பல்கலைக்கழக விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யுஜிசி 2022இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. காலம் போகிறதே என்றும் பதற வேண்டாம்: உச்ச வரம்பு ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு.

இதற்கும் அசையவில்லை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போங்கள். யுஜிசியின் 2023 குறைதீர்ப்பு விதிகளின்படி அது பதினைந்து வேலைநாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். தீர்வு சரியில்லை என்றால் குறைகேள் அலுவலரிடம் முறையிடலாம். நீங்கள் சேர்த்துவைக்கும் மின்னஞ்சல்கள் அங்கேதான் பேசும்.

முதல் காரியம் படிவம். நாளைக்கே புதிதாக ஒன்றை நிரப்பித் துறை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். அப்பாவுக்கு அந்த நகலைக் காட்டுங்கள். பணம் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.