மனச்சோர்வு இருந்தால் தூக்கம் வராது என்கிறார்கள். எனக்கோ எந்நேரமும் தூக்கமாக வருகிறது. இதுவும் மனச்சோர்வாக இருக்குமா?

இருக்கலாம். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கம் கெடும் என்பது உண்மைதான். ஆனால் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு (2013) மனச்சோர்வுக்குப் பட்டியலிடும் 9 அறிகுறிகளில் தூக்கமின்மையும் மிகைத் தூக்கமும் ஒரே வரியில்தான் வருகின்றன. இளம் வயதினரிடம் இந்த இரண்டாவது வகையை அதிகம் பார்க்கலாம்.

எனக்கும் அதுதான் இருந்தது. காலையில் விழிப்பு வந்துவிடும். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் போர்வையை விலக்கிக் காலைத் தரையில் வைக்க முடியாது. கை கால் எல்லாம் ஈயக்குண்டு கட்டியது போல் கனக்கும். அப்படியே கிடந்து மறுபடி கண்ணயர்ந்து, மதியம் எழும்போது முன்னைவிடக் களைப்பாக இருக்கும். வீட்டில் சோம்பேறி என்றார்கள். அந்தச் சொல் மிகவும் வலித்தது.

மருத்துவர் முதலில் கேட்டது இதைத்தான்: "உட்கார்ந்த இடத்தில் கண் தானாகச் சொக்குகிறதா, இல்லை எழுந்திருக்கத் தெம்பே இல்லையா?" நீங்களும் இதைக் கவனித்துப் பாருங்கள். மனச்சோர்வில் பலருக்கு நிஜத் தூக்கத்தைவிடப் படுக்கையை விட்டு வர முடியாத சோர்வுதான் அதிகம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மூடுகிறது, பலமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சளி, அலர்ஜி மாத்திரைகள் சிலவும், ஏன், மனச்சோர்வுக்கான மிர்டாசபினும்கூடத் தூக்கத்தைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எப்போதாவது கொஞ்ச நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்திருக்கிறீர்களா? அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருந்தால் சிகிச்சையே வேறு.

சிகிச்சையோடு சேர்த்து எனக்குக் கைகொடுத்தது, எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது. எழுந்ததும் நேராக வெளிச்சத்துக்குப் போய்விடுவேன். மனம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வரவே வராது. முதலில் உடம்பை நகர்த்த வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் முகம் கழுவுவதே அன்றைய பெரிய வேலை.

2 வாரத்துக்கு மேல் இப்படியே இருந்து, பிடித்த விஷயங்களிலும் நாட்டம் போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். விழிக்காமலே போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தள்ளிப்போடாமல் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.