ஐஸில் கடித்த வைட்ஃபிஷ் கோடையில் ஏன் கடிக்கவில்லை?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: குளிர்காலத்தில் ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியின் ஜாக்சன்ஸ் பாயின்ட் பக்கம், உறைந்த ஏரிமேல் போட்ட ஐஸ் குடிலில் இருந்து 22 மீட்டர் ஆழத்தில் வைட்ஃபிஷ் பிடித்திருக்கிறோம். ஜூன் கடைசியில் கெஸ்விக்கில் படகு வாடகைக்கு எடுத்து, குக்ஸ் விரிகுடாவில் 9 மீட்டரில் அதே ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) போட்டோம். பெர்ச் மீன்தான் வந்தது. அடுத்த முறை ஆழத்துக்குப் போனோம். சோனாரில் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) மீன் தெரிந்தும் கடிக்கவில்லை. கடித்த ஒன்றும் படகருகே கழன்றுவிட்டது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: ஸ்பூனின் வகையை மாற்ற வேண்டியதில்லை. ஐஸ் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்த வேலையை இனி நீங்கள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஐஸுக்கு அடியில் ஏரி முழுவதும் குளிராக இருக்கும், அதனால் மீன் எந்த ஆழத்திலும் உலவும். உங்கள் காலடியும் நகராது, தங்கூசி (தூண்டில் நூல்) நேராக இறங்கும். ஜூன் கடைசியில் இவற்றில் எதுவுமே இல்லை.

முதலில் இடம். வைட்ஃபிஷ் குளிர்நீர் மீன். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையான நீர் அதற்குப் பிடிக்கும். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகி, அடியில் உள்ள குளிர்நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும். சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் இந்த எல்லை மங்கலான பட்டையாகத் தெரியும். வைட்ஃபிஷ் அதற்குக் கீழேதான் இருக்கும். குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, களை மண்டியது. அங்கே 9 மீட்டரில் உங்களுக்குக் கிடைத்தது பெர்ச்சின் வீடு. ஜூன் கடைசி முதல் 20 முதல் 30 மீட்டர் வரை தேடுங்கள். ஜாக்சன்ஸ் பாயின்டுக்கும் ஜார்ஜினா தீவுக்கும் வெளியே உள்ள ஆழம், பாரி பக்கம் கெம்பன்ஃபெல்ட் விரிகுடா வாயில் பிக் பே பாயின்டுக்கு வெளியே சரிவு முடியும் இடம், இவை நல்ல தொடக்கம். கெஸ்விக்கிலிருந்து சின்னப் படகில் அவ்வளவு தூரம் ஓடுவது வீண். ஜாக்சன்ஸ் பாயின்டிலோ பாரியிலோ படகு எடுங்கள்.

அந்த ஆழத்திலும் எல்லா இடமும் ஒன்றல்ல. கல் சரிவு முடிந்து சேறு தொடங்கும் விளிம்பைப் பிடியுங்கள். இந்த மீனின் வாய் சிறியது, மூக்குக்கு அடியில் கீழ்நோக்கி இருக்கும். தரையில் கிடக்கும் நத்தை, சிறு சிப்பி, சேற்றுக்குள் இருக்கும் பூச்சிப் புழுக்கள், சின்ன கோபி மீன், இவைதான் அதன் சாப்பாடு. ஆகவே இரை தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். செப்டம்பரில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. கோடை முழுக்கக் கலக்காமல் நின்ற அடிநீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். சிம்கோவின் பழைய நோய் இது. அப்போது மிக ஆழமான குழியை விட்டுவிட்டு அதன் ஓரச் சரிவில் தேடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது பயணம். மீன் தெரிந்தும் கடிக்காததற்குப் பெரும்பாலும் படகு நகர்ந்ததுதான் காரணம். 10 கிராம் ஸ்பூன் 25 மீட்டர் இறங்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். படகு மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்தாலே அதற்குள் 15 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். 20 டிகிரிக் கற்றையுள்ள சோனார் 25 மீட்டர் ஆழத்தில் பார்ப்பது சுமார் 9 மீட்டர் அகல வட்டத்தைத்தான். திரையில் நீங்கள் பார்த்த மீன் ஓரிடத்தில், உங்கள் ஸ்பூன் வேறிடத்தில். நங்கூரம் போடலாமே என்றால், அந்த ஆழத்தில் அது பிடிக்க 75 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். வாடகைப் படகில் அவ்வளவு இருக்காது. படகைத் தானாகவே ஓரிடத்தில் நிறுத்தும் ஜிபிஎஸ் பூட்டு உள்ள மின்மோட்டார் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ட்ரிஃப்ட் சாக் எனப்படும் துணிப்பையைத் தண்ணீரில் விட்டு வேகத்தைக் குறையுங்கள். எடையையும் கூட்டுங்கள்: காற்றில்லாத நாளில் 14 கிராம், காற்று இருந்தால் 21 முதல் 28 கிராம் வரை. தங்கூசி செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் சுற்றி எடுத்து மறுபடி இறக்குங்கள். சோம்பல் பட்டால் ஏரியடியில் ஸ்பூனை இழுத்துக்கொண்டே போவீர்கள், மீன் வராது.

கம்பு ஆறரை அல்லது ஏழு அடி, நுனி மெதுவாக வளைவது. ரீலில் 10 பவுண்டு பின்னல் நூல், முனையில் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நூல் ஒன்றரை மீட்டர். தரையில் சிப்பிகள் கத்தி மாதிரி கிடக்கும்; ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஓரடியை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் வெட்டிக் கட்டுங்கள்.

ஸ்பூன் தரையைத் தொட்டதும் மூன்று நான்கு முறை தட்டிச் சேற்றைக் கிளப்புங்கள். பிறகு ஒரு சாண் தூக்கி அசையாமல் ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்துங்கள். கடி அநேகமாக இந்த நிறுத்தத்தில்தான் வரும். ஓயாமல் ஆட்டுகிறவர்களுக்குக் கிடைக்காதது இதனால்தான். மீன் அருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் ஸ்பூனை ஒதுக்குங்கள். அடியில் 14 கிராம் ஈயம், அதற்கு ஓரடி மேலே 8ஆம் எண் ஒற்றைக் கொக்கி, அதில் மண்புழுத் துண்டு அல்லது 4 செ.மீ. ரப்பர் புழு. தயங்கும் மீனுக்கு இதைவிட நம்பகமான அமைப்பு இல்லை. இருபது நிமிடம் ஒன்றும் இல்லையென்றால் அதே ஆழக்கோட்டில் நகருங்கள். இவை கூட்டமாகத் திரிபவை.

கடி எப்போதும் வெட்டி இழுக்காது. பல நேரம் மீன் இரையைக் கவ்வி மேலே தூக்கும், ஈயத்தின் பாரம் திடீரெனக் காணாமல் போகும். அப்போது கம்பை வெட்டி இழுக்காமல், நிதானமாக உயர்த்திக்கொண்டே ரீலைச் சுற்றுங்கள். உதட்டுத் தோல் அவ்வளவு மெல்லியது. பின்னல் நூலோ சிறிதும் நீளாது. உங்கள் மீன் படகருகே கழன்றதும் இதனால்தான். வெளிச்சத்தைக் கண்டதும் அது ஒருமுறையாவது திரும்பக் கீழே பாயும். ரீலின் பிடி இறுக்கமாக இருந்தால் கொக்கி துளையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சுமார் 700 கிராம் இழுப்பிலேயே நூல் ஓடும்படி வையுங்கள். கடைசியில் கைவலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தலைப்பக்கம் முதலில் வரும்படி வாங்குங்கள். நூலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

படகே வேண்டாம் என்றால் மே மாதத்தில் ஜார்ஜியன் விரிகுடாவின் மீஃபோர்ட், ஓவன் சவுண்ட் துறைகளைப் பாருங்கள். கரையோர நீர் குளிராக இருக்கும்வரை மீன் நெருங்கி வரும். தூண்டிலில் பிடித்த வைட்ஃபிஷ்களில் உலகச் சாதனையாகப் பதிவான 6.52 கிலோ மீன் 1984 மே மாதம் மீஃபோர்டில் கிடைத்ததுதான்.

சிம்கோவில் இலையுதிர்காலத்தில் வைட்ஃபிஷ் பிடிக்கத் தடை. நவம்பரில் கல் திட்டுகளில் முட்டையிடும் மீனுக்கான காவல் அது. திறக்கும், மூடும் தேதிகளையும் எண்ணிக்கை வரம்பையும் அந்தந்த ஆண்டின் ஒன்டாரியோ விதிச்சுருக்கத்தில், 16ஆம் மண்டலத்துக்கான பகுதியில் பாருங்கள். 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு உரிமம் கட்டாயம். சிஸ்கோ மீனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: சிஸ்கோவின் வாய் முகத்தின் நுனியில் இருக்கும், வைட்ஃபிஷுக்கு மூக்கு வாயைத் தாண்டி நீண்டிருக்கும். இரண்டுக்கும் விதி வேறு.

ஜூலை, ஆகஸ்டில் 25 மீட்டரிலிருந்து சூடான மேல்நீர் வழியாக வந்த மீனை விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம். ஆகவே வரம்பு நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். வைத்துக்கொள்ளும் மீனின் செவுளை உடனே வெட்டி இரத்தம் வடித்து, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போடுங்கள். கொழுப்பு மிகுந்த சதை, வெயிலில் அரை மணி நேரத்தில் நெகிழ்ந்துவிடும். குழம்புக்குப் போட்டால் கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துபோகும். பொரிப்பதோ புகையூட்டுவதோ இதற்கு இன்னும் பொருந்தும். ஏரியிலேயே துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் தோலைக் கொஞ்சம் விட்டுவையுங்கள், அதிகாரி நிறுத்திக் கேட்டால் என்ன மீன் என்று அடையாளம் காட்ட அது வேண்டும்.