கியோட்டோவில் ஏழு பேர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நான்கைந்து வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அப்பாவுக்கு 71 வயது. கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாகப் பார்க்கின்சன். முதலில் கையெழுத்துதான் மாறியது. எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. பென்ஷன் வாங்கும் வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை. அது வேலை செய்யும்போது நடக்கிறார், பேப்பர் படிக்கிறார். அடுத்த வேளைக்கு அரை மணி முன்பே உடம்பு இறுகிப்போய் உட்கார்ந்துவிடுகிறார்.

போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘ஜப்பானில் பார்க்கின்சனுக்கு முழுத் தீர்வு, ஒரே ஊசியில் குணம்’ என்று. அன்றிலிருந்து அண்ணன் வேறு ஆளாகிவிட்டான். அதே சிகிச்சையை இங்கேயே ஒரு கிளினிக்கில் செய்கிறார்களாம், எட்டு லட்சம் ஆகுமாம். ஊரில் இருக்கும் நிலத்தை விற்றுவிடலாம் என்கிறான். கொஞ்சம் யோசிப்போம் என்று நான் சொன்னால், ‘அப்பா நல்லாகிறது உனக்குப் பிடிக்கலையா’ என்று கேட்கிறான். அப்பா எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் செய்தியை யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறார்.

அந்த ஜப்பான் செய்தி உண்மையா? அப்பாவிடம் நான் என்ன சொல்லட்டும்?

வி., திருச்சி


அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அப்பாவின் அந்த ரகசிய வாசிப்பு மனதில் நிற்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நடந்தது நிஜம். அந்த கிளினிக்கில் நடப்பது அது இல்லை. நிலத்தை விற்காதீர்கள். அண்ணனிடம் பேசும்போது ‘எல்லாம் புரளி’ என்று மட்டும் ஆரம்பித்துவிட வேண்டாம். அவர் பிடித்துக்கொண்டிருக்கும் நூலின் மறுமுனையில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

அந்த உண்மை 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தக்காஹாஷி என்ற மூளை அறுவை நிபுணரின் குழு செய்த ஆய்வு. ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வயதுக்குள் இருந்த ஏழு பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களை வைத்து, இரண்டு வருடம் கண்காணித்தார்கள். ஏழே பேர். உங்கள் வாட்ஸ்அப் செய்தி விட்டுவிட்ட எண் அதுதான்.

அப்பாவின் மூளையில் என்ன குறைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில், உடலசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை நடுங்கி, எழுத்து சிறுத்து, நோய் வெளியே தெரியவரும்போது பாதிக்கு மேல் போய்விட்டிருக்கும். லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. ஆனால் அதை வாங்கிச் சேர்த்துவைத்து அளந்து கொடுக்கவும் அதே செல்கள்தான் வேண்டும். அவை குறையக் குறைய, மாத்திரை ஏறுவதும் இறங்குவதும் உடம்பில் அப்படியே தெரிய ஆரம்பிக்கிறது. அந்த அரை மணி நேர இறுக்கம் அதனால்தான். போன செல்களுக்குப் பதிலாகப் புதிய செல்களையே வைத்துவிட்டால் என்ன என்பது மருத்துவர்களின் பழைய கனவு.

கியோட்டோவில் அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன? ஆரோக்கியமான ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து. ரத்தச் செல்லைப் பின்னோக்கி நடத்தி, கருவின் தொடக்கத்தில் இருப்பதுபோன்ற, எதுவாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுபோகும் வித்தை ஒன்று இருக்கிறது. ஐ.பி.எஸ். செல் என்பார்கள். அதைக் கண்டுபிடித்தவர் ஷின்யா யாமனாக்கா. அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

யாமனாக்கா எலும்பு அறுவை மருத்துவராகத்தான் ஆரம்பித்தார். கை ஓடவில்லை. சீனியர்கள் அவரை ‘ஜாமனாக்கா’ என்று கூப்பிட்டார்கள். ஜப்பானிய மொழியில் ‘ஜாமா’ என்றால் இடைஞ்சல். அவருடைய அப்பா தையல் மெஷின் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை வைத்திருந்தவர். வேலையில் அடிபட்டு, ரத்தம் ஏற்றியபோது கல்லீரல் தொற்று வந்துவிட்டது. மகன் மருத்துவராகிக் கொஞ்ச நாளிலேயே, ஐம்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். என்ன கிருமி என்றுகூட அப்போது யாருக்கும் தெரியாது. 1989ல்தான் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் என்று அடையாளம் கண்டார்கள். அதைக் குணமாக்கும் மாத்திரை வர இன்னும் இருபத்தைந்து வருடம் ஆனது. யாமனாக்கா மேடைகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கிருமி தெரிந்த நாளுக்கும் மாத்திரை கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கால் நூற்றாண்டைத்தான் உங்கள் அண்ணன் எட்டு லட்சம் கொடுத்துத் தாண்டிவிடப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அப்பாவுக்காக யாருக்குத்தான் அவசரம் இருக்காது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செல்லைப் பின்னோக்கி நடத்தக்கூடியவை எவை என்று யாமனாக்காவின் ஆய்வகத்தில் இருபத்து நான்கு மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தார்கள். கஸுதோஷி தக்காஹாஷி என்ற இளைஞர், பொறியியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர், இருபத்து நான்கையும் ஒரேயடியாகச் செல்லுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். நான்கு மிஞ்சின. அந்த நான்கும் போதும், முதிர்ந்த செல் மறுபடி குழந்தையாகிவிடும். 2006ல் எலியில், 2007ல் மனிதச் செல்லில் செய்து காட்டினார்கள். 2012ல் யாமனாக்காவுக்கு நோபல் கிடைத்தது.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. எதுவாகவும் மாறக்கூடிய செல், கட்டியாகவும் மாறக்கூடும். ஜப்பானில் அடுத்து நடந்த எல்லாவற்றிலும் அந்தப் பயம் கூடவே வந்தது. 2014 செப்டம்பரில் கோபேயில் மசாயோ தக்காஹாஷியின் குழு, விழித்திரை கெட்டுப்போன எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த மெல்லிய படலத்தை வைத்தது. உலகத்திலேயே முதல் முறை. இரண்டாவது நோயாளிக்குச் செல்களைத் தயார் செய்தபோது, அவற்றின் மரபணுவில் சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. அவற்றால் கெடுதல் வரும் என்று நிரூபணம் ஏதும் கிடையாது. ஆனாலும் நிறுத்திவிட்டார்கள். உலகமே கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நிறுத்தினார்களே, அதைத்தான் நான் அந்தச் சாதனையைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

கியோட்டோ குழுவும் அப்படித்தான் நடந்தது. முதலில் குரங்குகளில் வைத்து, கட்டி வருகிறதா என்று இரண்டு வருடம் பார்த்தார்கள். 2018 அக்டோபரில்தான் முதல் மனிதர், அதுவும் முதலில் மூளையின் இடப்பக்கம் மட்டும், 24 லட்சம் செல்கள். வளர்த்த செல்களை அப்படியே வைத்துவிடவும் இல்லை. டோபமைன் செல்லாக வளரப்போகிறவற்றின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கொண்டு, நெல்லிலிருந்து பதரைப் புடைப்பதுபோல வேண்டாதவற்றைப் பிரித்து ஒதுக்கினார்கள். பிறகு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியால், மூளையில் டோபமைன் போய்ச் சேரவேண்டிய இடத்திலேயே செல்களை வைத்தார்கள். உடம்பு அவற்றை விரட்டிவிடாமல் இருக்க, ஒரு வருடத்துக்கு மேல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேறு. வாட்ஸ்அப்பில் ‘ஒரே ஊசி’ என்று வந்தது இதுதான்.

இனி முடிவு. தீவிரமான பக்கவிளைவு யாருக்கும் வரவில்லை, ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. ஆய்வின் முதல் நோக்கமே பாதுகாப்பாகச் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான், அதில் தேறியது. பலனை ஆறு பேரிடம் அளந்தார்கள். மாத்திரை இறங்கியிருக்கும் நேரத்தில் பரிசோதித்தபோது, ஆறு பேரில் நான்கு பேரின் உடலசைவு முன்பைவிட நன்றாக இருந்தது. ஆறு பேரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுமார் 20 சதவீத முன்னேற்றம். செல் வைத்த இடத்தில் டோபமைன் உருவாவது சராசரியாக 44.7 சதவீதம் கூடியிருந்தது. வைத்த செல்கள் உயிரோடு இருக்கின்றன, வேலையும் செய்கின்றன என்று அதற்கு அர்த்தம். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதே சமயம், இரண்டு பேருக்கு முன்னேற்றம் இல்லை. யாரும் நோய் நீங்கி வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை தராத இன்னொரு குழு இந்த ஆய்வில் கிடையாது. பார்க்கின்சனில் இது ரொம்ப முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியப்பாவுக்கும் இந்த நோய் இருந்தது. யாரோ ஒரு வைத்தியர் கொடுத்த பொடியைச் சாப்பிட்ட மூன்று வாரம் அவருடைய கை நடுக்கம் கண்கூடாகக் குறைந்தது. காபி டம்ளரைச் சிந்தாமல் தூக்கினார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நான்காவது வாரம் பழையபடி ஆகிவிட்டது. பெரியப்பா நடித்தார் என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அவர் நடிக்கவில்லை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 2001ல் கனடாவின் வான்கூவரில் ஒரு குழு, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெறும் உப்புநீரை மருந்தாக இருக்கலாம் என்று சொல்லிப் போட்டு, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. டோபமைன் நிஜமாகவே சுரந்தது. குணமாகப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பே மூளையிலிருந்து டோபமைனை வரவழைக்கிறது! இந்த நோயில் நம்பிக்கை கொஞ்ச நாளைக்கு மருந்தைப்போலவே வேலை செய்யும். நாலு பேர் எழுந்து நடக்கும் வீடியோவை அந்த கிளினிக் காட்டினால், அந்த நாலு பேரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது ஆதாரம் ஆகாது.

அதே 2001ல் அமெரிக்காவில் கருவின் மூளைத் திசுவை வைத்து ஓர் ஆய்வின் முடிவு வந்தது. நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்குத் திசு, மீதிப் பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அப்படிச் செய்ததால்தான் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் இல்லை என்று தெரிந்தது. திசு வைத்தவர்களில் சிலருக்கு, மாத்திரையை நிறுத்தினாலும் நிற்காத, கட்டுப்பாடில்லாத அசைவுகள் வந்துவிட்டன. வேண்டாத வேறு நரம்புச் செல்கள் கலந்ததும் காரணமாக இருக்கலாம் என்று பிறகு சந்தேகித்தார்கள். கியோட்டோவில் புடைத்துப் பிரிக்க அவ்வளவு பாடுபட்டதன் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது.

இப்போது உங்கள் ஊர் கிளினிக். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ செல் எடுத்து, ரத்தக்குழாயிலோ முதுகுத்தண்டிலோ ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் மூளைக்குப் போய், சரியான இடத்தில் குடியேறி, டோபமைன் செல்லாக மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டுக்கும் ‘ஸ்டெம் செல்’ என்ற பெயர் மட்டும்தான் பொது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு வெளியே ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவது ஆய்வாக மட்டுமே நடக்கலாம், ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கவும் கூடாது. அண்ணனிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் எட்டு லட்சம் எதற்கு? சிகிச்சை என்றால் அனுமதி எங்கே?

ஜப்பானிலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே 2014லிருந்து நிபந்தனை ஒப்புதல் என்று ஒரு வழி இருக்கிறது. பாதுகாப்பு தெரிந்து, பலன் இருக்கும் என்று கருத இடமிருந்தால், குறிப்பிட்ட வருடங்களுக்கு விற்க விடுவார்கள், அதற்குள் பலனை நிரூபித்தாக வேண்டும். தொடைத் தசையிலிருந்து செல் எடுத்து இதயத்தின் மேல் ஒட்டும் ஒரு தகடு அந்த வழியில் 2015ல் அனுமதி பெற்றது. 2024ல் நிபுணர் குழு பலன் உறுதியாகவில்லை என்று சொல்லிவிட்டது. நடுவில் ஒன்பது வருடம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். கியோட்டோ செல்களுக்கு ஒப்புதல் கேட்டு 2025 ஆகஸ்டில் விண்ணப்பித்தபோது, அதுவும் இதே வழியில் போகக்கூடியதாகத்தான் இருந்தது. ‘ஜப்பான் அரசே ஒப்புதல் கொடுத்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், என்ன மாதிரி ஒப்புதல் என்று பாருங்கள்.

அந்த எட்டு லட்சத்தில் சிறு பகுதிக்கு அப்பாவுக்கு இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. உடல் எப்போது இறுகுகிறது, எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறியுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு லெவோடோபா சரியாக ஏறாது. நோட்டை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, வேளைகளை மாற்றலாமா, கூட வேறு மருந்து சேர்க்கலாமா, மூளையில் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். அறுவை அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பிசியோதெரபியை விடவே விடாதீர்கள். இவை நோயை நிறுத்தாது. ஆனால் ஒரு நாளில் அவர் நடமாடும் நேரத்தைக் கூட்டித் தரக்கூடியவை.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் கணக்கு வாத்தியார். வாட்ஸ்அப் செய்தியை ஒளித்துவைக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லுங்கள். ஏழு பேர், அதில் அளந்தது ஆறு, தேறியது நான்கு, ஒப்பிட வேறு குழு இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று அவரையே கேளுங்கள். நம் இரண்டு பேரையும்விட அவர் நன்றாகச் சொல்வார். அண்ணனையும் அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.