வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கும் இளைஞரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? விசுவாசம் வளருமா, தளருமா?

கேள்வி கேட்டவர் ஆப்பிரிக்காவை மனதில் வைத்துக் கேட்டிருக்கலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊழியம் இலங்கையின் வடக்கே, வன்னியில். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிரவல் ரோட்டில் சைக்கிள் மிதித்து உள்ளே வர வேண்டிய கிராமம். அம்மா ஊரில் யாரிடமும் "வெளிநாட்டில் இருக்கான்" என்று சொல்வதில்லை. "சிலோன்ல இருக்கான்" என்பார், பக்கத்து ஜில்லாவைச் சொல்கிற தொனியில். ஆனால் விசா என்று வரும்போது நான் அந்நியன்தான். மத ஊழியருக்கான வதிவிட விசா எடுக்க வேண்டும், அதைப் புதுப்பிக்கக் கடிதங்களோடு கொழும்புக்கு அலைய வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களைக் கூப்பிட்ட சபைதான் பிறகு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

நாள் எப்போது தொடங்கும் என்பது யானையைப் பொறுத்தது. இரவில் யாருடைய தோட்டத்திலாவது யானை இறங்கிவிட்டால் யானை வெடிச் சத்தத்தில் ஊரே எழுந்துவிடும். டார்ச் பிடித்துக்கொண்டு நானும் போய் நிற்பேன். வாழை எல்லாம் துவம்சமாகியிருக்கும். யானை வராத நாளில் விடியுமுன் எழுந்து, கிணற்றில் அள்ளிக் குளித்து, வேதம் வாசித்துவிட்டு, போதகர் ஐயா வீட்டில் புட்டும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டுக் கிளம்பினால் பகல் முழுக்க வீடு சந்திப்பு. ஞாயிறு ஆராதனை தகரக் கொட்டகையில் நடக்கும். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நீளமாகப் பிரசங்கிக்க யாருக்கும் மனசு வராது. அதுவும் ஒரு கிருபைதான்.

வீடு சந்திப்பு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்து மக்கள் மீள்குடியேறியதிலிருந்து இங்கே வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். தொண்டு நிறுவனம், ஆணைக்குழு, ஆய்வு மாணவர், பத்திரிகைக்காரர், புலனாய்வு, நுண்கடன் கம்பெனி. எல்லோர் கையிலும் ஒரு படிவம். வீட்டில் யார் செத்தது, யார் காணாமல் போனது, எந்த இடத்தில், கடைசியாக எப்போது பார்த்தீர்கள். அதே கதையைச் சொல்லிச் சொல்லி இவர்களுக்கு அலுத்துவிட்டது. கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. என்னை முதலில் பார்த்தபோதும் "தம்பி எந்த நிறுவனம்? என்ன குடுக்கிறியள்?" என்றுதான் கேட்டார்கள்.

வந்த அன்றே போதகர் ஐயா இரண்டு விதி சொல்லியிருந்தார். நோட்டும் பேனாவும் கொண்டு போகக் கூடாது. அவர்கள் கேட்காமல் ஜெபம் பண்ணக் கூடாது. முதலாவது சுலபம். இரண்டாவதுதான் கஷ்டம். திருநெல்வேலிக் கிறிஸ்தவன் ஒரு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணாமல் எழுந்து வருவதா! ஆனால் இப்போது எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. கையில் எதுவும் இல்லாமல் போய், அடுத்த வாரமும் அதே மாதிரிப் போவதுதான் இங்கே மிஷனரி செய்யக்கூடிய முதல் வேலை என்று நினைக்கிறேன்.

போய் என்ன செய்வேன்? பெரும்பாலும் கச்சான் உடைப்பேன். உங்கள் ஊர் நிலக்கடலைதான். பெண்கள் கூலிக்கு மூட்டை மூட்டையாக உடைத்துக் கொடுப்பார்கள். நடுவில் குவியல், சுற்றிவர நாலைந்து பேர், பனங்கட்டியோடு பிளேன் டீ. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் நகத்தடி எரியும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். நுண்கடனைப் பற்றிய உண்மையை அங்கேதான் கற்றேன். குழுவாகக் கடன் கொடுப்பார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும், அது வரைக்கும் வசூலிக்க வந்தவர் எழுந்து போக மாட்டார். கடன்காரனுக்குப் பயந்து, பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்கும் பயந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று எந்த வேதாகமக் கல்லூரியிலும் பாடம் நடத்தவில்லை.

மாலையில் ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு. பெரும்பாலும் சைவப் பிள்ளைகள். வகுப்பில் ஜெபம் கிடையாது, பாட்டு கிடையாது, கைப்பிரதியும் கிடையாது. "அப்போ எதுக்குடா அங்க போன?" என்று ஊரில் நண்பர்கள் கேட்கிறார்கள். பால்மாவும் கூரைத் தகரமும் காட்டி ஆள் சேர்த்த கூட்டங்கள் இங்கே வந்து போயிருக்கின்றன. "அல்லேலூயாக் கூட்டம்" என்று மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பசியில் இருப்பவனிடம் பொருளைக் காட்டி விசுவாசம் வாங்குவது வியாபாரம், அதற்கு ஊழியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் பூசை என்பதால் வகுப்பு இல்லை. மறுநாள் யாராவது மோதகம் கொண்டு வந்து நீட்டுவார்கள். படைத்ததைச் சாப்பிடலாமா என்று பேசும் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் யோசிக்கலாம். நான் சாப்பிட்டுவிடுவேன்.

இடையில் ஒரு பழைய கதை. எங்கள் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பிற்காலத்தில் தோர்ணக்கல் பிஷப் ஆனவர், 1902இல் யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே காசு சேர்த்து, கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் தொண்டிப் பக்கத்துக்கு மிஷனரி அனுப்பியிருந்ததைக் கண்டார். ஊருக்குத் திரும்பியதும் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆக, மிஷனரி அனுப்பும் பழக்கத்தை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர்களில் இந்த வடக்குத் தமிழர்களும் உண்டு. நான் ஏதோ புதிதாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, விசுவாசம்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மா. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் மகனை இராணுவத்திடம் கையளித்ததாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு மகன் படத்தோடு போய்வருகிறவர். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 அன்று அவர் வீட்டில் முள்ளிவாய்க்கால் கஞ்சி தந்தார். அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. போரின் கடைசி நாட்களில் மக்கள் அதைக் குடித்துத்தான் உயிர் தப்பினார்கள். சிரட்டையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"சாத்திரிமார் எல்லாரும் இருக்கிறான் எண்டுதான் சொல்லினம். ஒரு பாஸ்டரும் வந்து, தைப்பொங்கலுக்குள்ள வருவான் எண்டு தீர்க்கதரிசனம் சொன்னவர். நாலு பொங்கல் போட்டுது. நீங்கள் என்ன சொல்லுறியள் தம்பி?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன்.

என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, "அப்ப சரி. ஆறப் போகுது, குடியுங்கோ" என்றார்.

அந்தப் பாஸ்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கடவுள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வதைவிடப் பெரிய துரோகம் ஊழியத்தில் இல்லை. பின்னொரு நாள் "உங்கட புத்தகத்தில ஏதும் வாசியுங்கோவன்" என்று அந்த அம்மாவே கேட்டார். சங்கீதம் 13 வாசித்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குவது. முதல் இரண்டு வசனத்தில் மட்டும் நான்கு தடவை "எதுவரைக்கும்" வரும். "கடவுளிட்ட இப்பிடிக் கேக்கலாமெண்டு உங்கட புத்தகத்திலயே இருக்கோ?" என்று ஆச்சரியப்பட்டார். அவர் இன்றைக்கும் சைவம்தான். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறார், மடு மாதாவுக்கும் நேர்த்தி வைத்திருக்கிறார்.

எனவே வளருமா தளருமா என்றால், எனக்கு இரண்டும் நடந்தது. கடவுளுக்காக நான் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் உதிர்ந்துவிட்டது. ஜெபம் சுருங்கிவிட்டது. சில இரவுகளில் பரமண்டல ஜெபத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் வராது. ஆனால் அதைச் சொல்லாமல் தூங்க முடிவதில்லை. இந்தப் பெரிய துயரங்களைவிட என்னைப் படுத்துவது சின்னத் தனிமைதான். ஊரில் சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை நடக்கிற நாளில் வாட்ஸ்அப் பக்கமே போகக் கூடாது. அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டிருக்கும் வீடியோவை அண்ணன் வேண்டுமென்றே அனுப்புவான்.

இன்னொரு உபத்திரவம் மாத அறிக்கை. என்னை அனுப்பியவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். சந்தித்த வீடுகள், விநியோகித்த பிரதிகள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். காணிக்கை கொடுப்பவர்கள் கணக்குக் கேட்பது நியாயம்தான். கச்சான் உடைத்ததற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. போன மாதம் அதைக் கொண்டுபோய், "கடைசிக் கட்டத்தில் என்ன எழுத ஐயா?" என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "வெறுமையா விடும் தம்பி. அவை கேட்டால் என்னோட கதைக்கச் சொல்லும்" என்றார்.